பால்காரியின் கழுத்து

எல்பே ஆற்றங்கரை, வால்டாவ்
1996 மார்ச் 10

அன்புள்ள ஹைக்கேவுக்கு,

இங்கு நலம். நீ நலமா என்று அறிய ஆவல். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டுப் பிரித்தேன். பிரித்தால், "மதிப்பிற்குரிய திருமதி ஹெனிக்" என்று இருக்கிறது. சுருக்கென்றது. மூன்று வருடம் யென்ஸோடு வந்து என் சமையலறையில் வளைய வந்து, "ரோஸி அத்தை, உப்பு எங்க, ரோஸி அத்தை, துண்டு எங்க" என்று என் உயிரை வாங்கியவள், இப்போது நகராட்சிக்கு மனுப் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை இப்படி எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். சொல்லிவிட்டேன்.

பெர்கனில் தினமும் மழை, ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வருவதற்குள் கால் நனைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்புகிறேன். சாம்பல் நிறம்தான். யென்ஸுக்கென்று வாங்கி வைத்திருந்த நூல் வீணாகக் கிடந்தது. சங்கடமாக இருந்தால் போடாதே, பெட்டியில் வைத்துக்கொள்.

இங்கே பனி உருகி ஆறு ஏறிவிட்டது. நான்கு நாளாகப் படகு இல்லை. எனக்கு முழங்கால் வலி. அதனால் விடுதிச் சமையலறைக்குப் பாதி நாள்தான் போகிறேன். மற்ற பாதியில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பால்காரிப் பாறையின் கழுத்தில், யென்ஸ் விழுந்த இடத்தில், ஓர் இரும்பு வளையம் அடிக்க வேண்டும் என்கிறாய். அன்றைக்கு அங்கே ஒன்று இருந்து அதில் கயிறு மாட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், இனி வருகிறவனாவது பிழைக்கட்டும் என்கிறாய். நியாயம்தான். எங்கள் பாறைகளில் முதலில் ஏறியவர் சம்மதிக்காமல் யாரும் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அதனால் லோதரிடம் கேட்டுச் சொல்லும்படி எழுதியிருக்கிறாய்.

எனக்கு உயரம் என்றாலே மயக்கம் வரும் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் போய்க் கட்டிக்கொண்டது இந்த மனிதரை. பால்காரியின் தலையில் முதலில் நின்றவர் என்று நிச்சயம் செய்யும்போதே சொன்னார்கள். அப்போதே புரிந்திருக்க வேண்டும், எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், அவள் கல்லால் ஆனவள் என்று. பொங்கினாலும் பொசுக்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் அவளிடம்தான் போவார். பிள்ளையையும் அவளிடமே கூட்டிக்கொண்டு போனார்.

உன் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். அவர் "பாக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். நான் விடவில்லை. ஒரு விரல் ஆழத் துளை, அதற்காக இவ்வளவு யோசனையா என்று கேட்டேன். "கல்லு திரும்ப முளைக்காது, ரோஸி" என்றார். "என் பிள்ளை மட்டும் முளைப்பானா?" என்று கேட்டேன். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹைக்கே, உன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். பாறை இன்னொரு நாள் காயட்டுமா என்று யென்ஸ் கேட்டபோது, "எனக்கு இந்த ஒரு ஞாயிறுதான் லீவு" என்று நீ சொன்னதாக. தினமும் அந்த வார்த்தைதான் காதில் கேட்கிறது என்று. உன் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொஞ்ச நாள் இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். யார் மேலாவது கோபப்படாமல் அந்த நாட்களைத் தள்ள முடியவில்லை. இப்போது இல்லை. அந்தக் காலையில் உங்கள் இருவருக்கும் ரொட்டி கட்டிக் கொடுத்த கை இது. நீ அவன் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஊர் பேசுகிறதா என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். பேசுகிறது. மழையில் நனைந்த மணற்கல் ஊறிய பிஸ்கோத்து மாதிரி, பிடித்த இடம் கையோடு வரும். காயாத பாறையில் ஏறுகிறவனை எங்கள் ஊரில் கோயில் உண்டியலில் கை வைத்தவனைப் போலப் பார்ப்பார்கள். யென்ஸுக்கு இப்போது அந்தப் பேர். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், பால்காரியின் கழுத்தில் பெயர்ந்துபோன துண்டுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டார்கள். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

பாறை ஏறுகிறவர்கள் சங்கத் தலைவர் வின்ஃப்ரீட் இருக்கிறாரே, அவர் போன வாரம் விடுதியில் எல்லோர் முன்னாலும், "நம்ம பையனுக்குத் தெரியாதா? அந்தச் சமவெளிக்காரி அவசரப்படுத்திட்டா" என்றார். நான் அடுக்களையிலிருந்து வந்து, "வாய்க்குச் சூப்பு போதலையா, இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். லோதர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பீர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையத்துக்கு நான் தொடர்ந்து நச்சரிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ரோஸ்விதா


வால்டாவ்
1996 ஜூன் 23

அன்பு ஹைக்கே,

காலுறை பொருந்தியது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். "அன்புள்ள ரோஸ்விதா அம்மையாருக்கு" என்று ஒரு படி இறங்கி வந்திருக்கிறாய். அதுவரைக்கும் லாபம்.

வளையம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் உன் கடிதத்தை வைத்துப் பேசினார்கள். இளசுகள் எல்லோரும் உன் பக்கம். வின்ஃப்ரீடேகூட, "ஒத்த ஓட்டைதானே லோதர், தலைய ஆட்டிட்டுப் போயேன்" என்றாராம். இவர் ஆட்டவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அவர் கத்தவில்லை. மேசையில் இருந்த ரொட்டியை எடுத்து, மேல் மொறுமொறுப்பில் விரலால் ஒரு குத்துக் குத்திக் காட்டினார். "இந்தத் தோல் இருக்கிற வரைக்கும்தான் அவ நிப்பா. தோலுக்கு உள்ளாற வெறும் சர்க்கரை. அந்தக் கழுத்துல துளை போட்டா தண்ணி உள்ள போகும், குளிர்ல உறையும், நாலு குளிர்காலத்துல தலை கீழ வரும். அதுக்குள்ள அந்த வளையத்த நம்பி ஒருத்தன் தொங்குவான். கழுத்தோட சேந்து வருவான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப யாருமே ஏறக் கூடாதுன்னு மூடச் சொல்லுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ஹைக்கே. ஆனால் அவர் முகம் அறை வாங்கின மாதிரி ஆனது. இருபத்து நான்கு வயதில், அப்பாவின் துணி உலர்த்தும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறியவர். அவருக்கு என்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை அது. அதை மூடச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் "உப்பு", "கதவு", "விளக்கு" என்று ஒற்றை வார்த்தைகள்தான் நடமாடுகின்றன.

அவர் நடவடிக்கை வேறு எனக்குப் புரியவில்லை. மழை விட்டதும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பால்காரிக்குப் போகிறார். மறுநாளும் போகிறார். அதற்கு மறுநாளும் போகிறார். அவள் வேலியோரத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று நட்டு, ஒரு பக்கம் "ஈரம்", மறுபக்கம் "காய்ந்தது" என்று எழுதித் தினமும் திருப்பி வைக்கிறார். மேற்கிலிருந்து கார்களில் வருகிறார்களே, பிடி வழுக்காமலிருக்கக் கையில் வெள்ளை மாவு பூசிக்கொண்டு ஏறுகிறவர்கள், அவர்களில் ஒருவன் இவரைப் பார்த்து, "தாத்தா, வானிலை நிலையம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டானாம். "நீ பேக்கரி வெச்சிருக்கியாடா?" என்று கேட்டாராம் இவர். இதை எனக்குச் சொன்னது வின்ஃப்ரீட். சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு பதில் சொன்னால் வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை எனக்குச் சொல்லிக் காட்டுவார்.

போன வாரம் ஒரு தூக்கில் சூப்பு எடுத்துக்கொண்டு நானே அங்கே போனேன். அன்றைக்குப் பிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், பார்த்துவிட்டேன். கழுத்தில் அந்த இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கறுத்த பாறை, அது மட்டும் உரித்த கிழங்கு மாதிரி.

அவர் நான் வந்ததைப் பார்க்கவில்லை. பால்காரியின் காலடியில் மண்டியிட்டு மணலில் உள்ளங்கையை அழுத்தினார். எழுந்து வெட்டவெளிக்கு வந்து அங்கே இருந்த மணலில் அழுத்தினார். மறுபடி காலடிக்குப் போனார். பிறகு மேலே கழுத்தைப் பார்த்தார். இப்படியே போகவும் வரவுமாக இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். தூக்கை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் கழுவின தூக்கோடு வந்தார்.

யென்ஸுக்குக் கல் வைக்க வேண்டும் என்று கல்லறைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இங்கே எல்லோருக்கும் மணற்கல்தான் வைப்பார்கள். இவர் மணற்கல் வேண்டாம் என்றுவிட்டார். இப்போதைக்கு மரச் சிலுவைதான். நான் அதைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் பூச்செடி நட்டிருக்கிறேன். நீ இருந்தால் இதைவிட நன்றாக நட்டிருப்பாய்.

நீ இந்தக் கோடையில் வருவாய் என்று நினைத்திருந்தேன். வேலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

அன்புடன்,
ரோஸ்விதா


வால்டாவ்
1996 நவம்பர் 3

என் அன்பு ஹைக்கே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

போன வாரம் வெள்ளிக்கிழமை சங்கத்தின் இலையுதிர்காலக் கூட்டம். வழக்கம்போல விடுதியின் பின்னறையில்தான். வழக்கம்போல சூப்பு என்னுடையது. அடுக்களைக்கும் அந்த அறைக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற ஜன்னல் இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். முதலில் பாட்டு. பிறகு வின்ஃப்ரீட் கணக்கு வழக்கு வாசித்தார். கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். லோதர் எழுந்தார்.

பால்காரியை மூட வேண்டும் என்றார். வளையம் வேண்டாம், ஆள் வேண்டாம், இனி யாரும் அவள் மேல் கை வைக்கக் கூடாது, முதலில் ஏறியவன் என்ற முறையில் நான் கேட்கிறேன் என்றார். பிறகு வின்ஃப்ரீட், "லோதர், பையன் போன துக்கத்துல பேசுற. உக்காருடா" என்றார், அன்பாகத்தான். "இப்ப நான் உக்காந்தா மறுபடி எந்திரிக்க மாட்டேன். பேசி முடிச்சிடறேன்" என்றார் இவர்.

அவர் சொன்னதை முடிந்த வரைக்கும் அப்படியே எழுதுகிறேன். உனக்கு அது அப்படியே வர வேண்டும்.

"நாம எல்லாரும் ஏறதுக்கு முன்னாடி மணலத் தொட்டுப் பாக்கறோம். மணல் காஞ்சிருந்தா கல்லும் காஞ்சிருக்கும்னு எங்கப்பா எனக்குச் சொன்னாரு, நான் என் பையனுக்குச் சொன்னேன். பால்காரிக்கு நாம தொடற மணல் எங்க இருக்கு? அவ பால் குடம்னு சொல்றோமே, அந்தப் பாறைக்கு நேர் கீழ. அது கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த மணல் நனையறதே இல்ல. வருஷக் கணக்கா நாம நனையாத மணலத் தொட்டுட்டு ஏறியிருக்கோம். இந்த வருஷம் பூரா உக்காந்து பாத்தேன். மழை பெஞ்சா அவ தலைக்குப் பின்னாடி இருக்கிற பள்ளத்துல தண்ணி நிக்குது. அங்கேருந்து கழுத்துக்குள்ள எறங்குது. வெளித்தோல் காஞ்சிடுது, உள்ள நாலு நாள் ஈரம் நிக்குது. அவ உள்ளுக்குள்ள ஊறிப்போய் நிக்கறா. இத்தன நாள் நிக்கறதே பெரிசு."

அது வரைக்கும் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சொன்னார்:

"அந்த ஞாயித்துக்கிழமை காலைல மணலத் தொட்டது யென்ஸ் இல்ல. நான். விடியறதுக்கு முன்னாடி போயித் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். கொட்டகைல கயிறு எடுத்துட்டு இருந்தான். மழை பெஞ்சு ரெண்டு நாள்தானேப்பா ஆச்சுன்னான். மணல் காஞ்சிருக்கு, போங்கன்னேன். இந்த அறைல ஒரு வருஷமா அந்தப் பொண்ணப் பத்திப் பேசறீங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்."

ஹைக்கே, நீ அப்போது என்னோடு அடுக்களையில் ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாய். கொட்டகையில் நடந்தது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யென்ஸ் பாறையடியில் உன்னைக் கேட்டபோது, அவன் காதில் அவன் அப்பா சொன்னது இருந்தது. நீ "எனக்கு இந்த ஒரு ஞாயிறுதான்" என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவன் ஏறியிருப்பான். இதை ஒரு தடவை படித்தால் போதாது. மறுபடி படி.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். கையில் கரண்டி இருந்தது. மீதி இருந்தவர்களுக்கெல்லாம் சூப்பு ஊற்றினேன். ஊற்றிக் கொடுத்துவிட்டு, சமையல் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன். அவர் வந்து கதவைத் தட்டுகிறவர் இல்லை, கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நானே போய்க் கேட்டேன், ஒரே ஒரு கேள்வி. தெரியாமல் நடந்ததற்காக நான் உங்களைக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணை ஊரே பேசும்போது எப்படி உங்களுக்குத் தொண்டையில் பீர் இறங்கியது என்று கேட்டேன். "எறங்கல" என்றார்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. சில நேரம் அவர் ரொட்டி வெட்டும்போது அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. சில நேரம் அதே கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது. அவரும் ஒரு பிள்ளையைத்தான் பறிகொடுத்தார், அதையும் நான் மறக்கக் கூடாதில்லையா?

கூட்டத்தில் ஓட்டுப் போட்டார்களாம். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பால்காரியை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன் மரியாதைக்காக முதலில் ஏறியவர் கடைசியாக ஒரு தடவை ஏறி, உச்சியில் இருக்கிற பெயர்ப்பெட்டியை இறக்கிக்கொண்டு வரட்டும் என்று வின்ஃப்ரீட் சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் கயிறு பிடிக்க ஆசையாக முன்வந்தார்களாம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். "மரியாதைன்னா கீழயே நிக்கறேன்" என்றாராம். பெட்டி மேலேயே இருக்கட்டும். நீயும் யென்ஸும் முதல் தடவை ஏறியபோது எழுதிய பெயர்களும் அதில்தான் இருக்கின்றன. அவை அங்கேயே இருக்கட்டும், நல்ல இடம்தான்.

என் சக்களத்தி இனி தனியாகத்தான் நிற்பாள். நேற்று அங்கே போனேன். அவள் மேல் எனக்கு இருந்த வெறுப்பைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே காய்ந்த முகத்தோடு நிற்கிறாள், பாவம். என் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் ஒரு வருடம் நின்றார்.

வின்ஃப்ரீட் நேற்று வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, உன் விலாசம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "வாயால பேசினத வாயாலயே திருப்பி எடுக்க முடியாது, எழுதியாவது கேட்டுக்கறேன்" என்றார். கொடுத்திருக்கிறேன். அவர் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுமையாகப் படி.

லோதரும் உனக்கு எழுத உட்கார்ந்தார். மூன்று நாளாக அடுப்பில் காகிதமாக எரிந்தது. என்னை எழுதச் சொன்னார், உங்கள் கைதானே, நீங்களே எழுதுங்கள் என்றேன். இன்று காலை ஒரு துண்டுக் காகிதத்தை நான்காக மடித்துக் கொடுத்தார். இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நான் பிரித்துப் பார்க்கவில்லை. அது உனக்கும் அவருக்கும். என்ன எழுதியிருந்தாலும் அவரிடம் கடுமையாக இருக்க உனக்கு உரிமை உண்டு. நான் குறுக்கே வர மாட்டேன்.

இந்த மாதக் கடைசியில் மரித்தோர் ஞாயிறு. மலையில் போனவர்களின் பெயர்களை மேட்டில் நின்று வாசிப்பார்கள், சங்கத்தார் பாடுவார்கள். போன வருடம் யென்ஸ் பெயரை வாசித்தபோது என் வலப் பக்கம் லோதர் நின்றார், இடப் பக்கம் யாரும் இல்லை. யாரோ நகர்ந்து வந்து நிற்கப் பார்த்தார்கள். ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

இந்த வருடமும் அந்த இடத்தில் யாரையும் நிற்க விட மாட்டேன். நீ வர வேண்டும், ஹைக்கே. மாடி அறையில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். லோதரோடு பேச வேண்டாம், பாறையைப் பார்க்க வேண்டாம், ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் வந்து நின்றால் போதும். வேலை இருக்கிறது என்று இந்தத் தடவை எழுதாதே.

மூடிய பாறைக்கு இவர் இன்னும் தினமும் போய் மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார், வெட்டவெளி மணலை. வந்து "ஈரம்" என்கிறார். சரி என்கிறேன். நவம்பர் முழுக்க இங்கே ஈரமாகத்தான் இருக்கும். அதனால் என்ன, நாம் ஏறப் போவதில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும். மழை பெய்தாலும் வந்துவிடு, மகளே.

உன்,
ரோஸி அத்தை